செவ்வானக் குறிப்பும் பூமியின் காந்தமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். விஞ்ஞானம் என்றதும் பெரிய கருவிகளும் விளங்காத கணக்குகளும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது வழக்கம். நான் இன்று கூறப்போவதோ கருவி எதுவுமில்லாத மனிதர் செய்த உதவியைப் பற்றியது. அவர்கள் கையில் இருந்தவை ஒரு தூரிகையும் சிறிது மையுமே. இரவில் வானத்தைப் பார்த்தார்கள், கண்டதை எழுதிவைத்தார்கள். கண்டது இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது. எனினும் அவர்கள் எழுதிய சில வரிகளைக் கொண்டு, நம் காலடியில் 1,800 மைல் ஆழத்துக்குக் கீழே, உருகிய இரும்புக் கடலிலே முற்காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களை இன்றைய அறிஞர் ஆராய்கின்றனர். வானத்தைப் பற்றிய குறிப்பு பூமியின் வயிற்றைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் என்பதே என் பொருள்.

கியோத்தோ நகரின் இரவு

யப்பான் நாட்டின் பழைய தலைநகராகிய கியோத்தோவில் பூஜிவாரா நோ தெய்க்கா என்றொரு கவிஞர் வாழ்ந்தார். அரசவையைச் சேர்ந்தவர். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிவந்தவர். அந்நாட்குறிப்பு மெய்கெத்சுகி என்ற பெயரால் இன்றும் போற்றப்படுகின்றது. 1204ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆம் திகதி இரவு, அவர் வடக்கிலும் வடகிழக்கிலும் செந்நிறமான ஆவி போன்றதொன்று எழுந்து நிற்பதைக் கண்டார். அதனூடே வெண்ணிறக் கோடுகளும் தோன்றின. தொலைவில் ஓர் ஊர் பற்றி எரிவது போன்றிருந்தது. 23ஆம் திகதி இரவும் அக்காட்சி மீண்டும் தோன்றியது. அச்சத்திற்குரியதென அவர் எழுதிவைத்தார். அக்காலத்தை ஒட்டியே, சீனத்துச் சொங் அரச வரலாற்றில், சூரியனிலே பெரிய கரும்புள்ளியொன்று தோன்றியதாகவும் குறிக்கப்பட்டுள்ளது.

தெய்க்கா கண்டது துருவ ஒளி. நோர்வே, ஐசுலாந்து, கனடா முதலிய வட நாடுகளில் மாரி இரவுகளிலே பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை போல் அசையும் ஒளி அது. கியோத்தோவோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 35 பாகையில் உள்ளது. அவ்வளவு தெற்கே, அதுவும் ஓரிரவின் பின் மற்றோர் இரவும், அவ்வொளி ஏன் தோன்றவேண்டும்? இவ்வினாவைப் பற்றிக்கொண்டு மேலே செல்வோம்.

ஒளியும் காந்தமும்

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் இடையறாது வீசிக்கொண்டிருக்கின்றன. சில வேளைகளில் சூரியன் பெருந்திரளாகவும் அவற்றை எறிகின்றது. அவை நேரே பூமியில் வந்து விழுவதில்லை. பூமியின் காந்தப்புலம் வேலி போல் நின்று தடுக்கின்றது. எனினும் அக்காந்தப்புலத்தின் கோடுகள் வழியே வட, தென் காந்த முனைகளைச் சூழ்ந்த பகுதிகளில் துணிக்கைகள் வளிமண்டலத்தில் இறங்குகின்றன. ஒட்சிசன் அணுக்களைத் தாக்க, அறுபது மைல் முதல் தொண்ணூறு மைல் உயரத்தில் பச்சை ஒளியும், நூற்றிருபது மைலுக்கு மேலே செவ்வொளியும் பிறக்கின்றன. தெற்கே வெகு தொலைவில் நிற்பவனுக்கு அடியிலுள்ள பச்சை, பூமியின் வளைவால் மறைந்துவிடும். உச்சியிலுள்ள சிவப்பு மட்டும் அடிவானத்தில் தெரியும். பழைய ஏடுகளில் "தீப்போன்ற ஆவி", "செம்மேகம்" என வருவதன் காரணம் இதுவே.

இனி, கருத்தூன்றிக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று. துருவ ஒளியின் வளையம் பூமி சுழலும் அச்சின் முனையைச் சூழ்ந்து நிற்பதன்று. காந்த அச்சின் முனையைச் சூழ்ந்து நிற்பது. அவ்விரு முனைகளும் ஓரிடத்தில் இல்லை. இக்காலத்தில் வடபுறக் காந்த அச்சின் முனை, சுழற்சி முனையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது பாகை விலகி, வட அமெரிக்கப் பக்கமாகக் கனடாவின் எல்சுமியர் தீவில் உள்ளது. ஆதலால் நியூயோர்க் நகரும் பீக்கிங் நகரும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், நாற்பது பாகையை ஒட்டி இருந்தபோதிலும், காந்தக் கணக்கிலே நியூயோர்க் ஐம்பது பாகையிலும் பீக்கிங் முப்பது பாகையிலும் இருக்கின்றன. இருபது பாகை வேறுபாடு! நியூயோர்க்கில் இருப்பவன் வாழ்நாளிற் பலமுறை துருவ ஒளியைக் காணக்கூடும். பீக்கிங்கில் இருப்பவனுக்கு அது மிக அரிது.

நமது நாட்டின் நிலை என்ன? பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குச் சமாந்தரமாகப் படுத்துக்கிடக்கும் காந்த மத்திய ரேகை, தென்னிந்தியாவின் தென்கோடியை அடுத்துச் செல்கின்றது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி இந்தியா தன் முதலாவது ஆராய்ச்சி ரொக்கெற்றைச் செலுத்துவதற்குத் தும்பா என்னும் மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்தமைக்கு அதுவே முதற் காரணம். அந்த ரேகையின் அயலிலே வாழும் நமக்குத் துருவ ஒளி எட்டாத காட்சி. நம் முன்னோர் அதற்கென்று ஒரு பெயர் வைக்காததிலும் வியப்பில்லை.

இப்பொழுது தெய்க்காவிடம் திரும்புவோம். வளையம் காந்த முனையைத் தொடர்வது உண்மையானால், காந்த முனை இடம்பெயரும்போது வளையமும் கூடவே செல்லவேண்டும். 1204இல் அவ்வொளி கியோத்தோவில் தோன்றியது, அக்காலத்தில் காந்த முனை ஆசியப் பக்கமாகச் சாய்ந்திருந்ததனாலோ?

ஊசி திரும்பிய கதை

பூமியின் காந்தம் நிலையானதென்றே முற்காலத்தார் எண்ணினர். பூமியே ஒரு பெரிய காந்தம் என 1600ஆம் ஆண்டில் நூல் எழுதிய வில்லியம் கில்பேட்டும் அவ்வாறே கருதினார். ஆனால் இலண்டன் நகரத்திலே 1580இல் திசையறிகருவியின் ஊசி நேர் வடக்குக்குக் கிழக்கே பதினொரு பாகை விலகி நின்றது. 1634இல் கெலிபிராண்டு என்னும் கணித ஆசிரியர் அளந்தபோது அவ்விலகல் நான்கு பாகையளவாகக் குறைந்திருந்தது. பின்னர் ஊசி வடக்கைக் கடந்து மேற்கே திரும்பி, 1820 அளவில் இருபத்துநான்கு பாகை சென்றுவிட்டது. பூமியின் ஆழத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கின்றது. அவ்வோட்டத்தாலே பிறக்கும் காந்தமும் மாறிக்கொண்டே இருக்கின்றது.

துருவ ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் எட்மண்ட் ஹலி. 1716ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டனில் தோன்றிய ஒளியைக் கண்டு, இது காந்தத்தோடு தொடர்புடையதென அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய அறுபது. அதற்குமுன் அவர் ஒருமுறையேனும் துருவ ஒளியைக் கண்டதில்லை. சூரியன் பல்லாண்டு அடங்கிக் கிடந்த காலத்திலே அவர் வாழ்ந்தமை அதற்குக் காரணம். அதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வேன். 1741ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆம் திகதி, சுவீடனின் உப்சாலா நகரில் செல்சியசும் ஹியோற்றரும் காந்த ஊசி கலங்குவதைக் கண்டனர். அதே நாளில் இலண்டனிலே கிரகாம் என்பவரும் தம் ஊசி கலங்குவதைக் கண்டார். துருவ ஒளி தோன்றுங்கால் ஊசியும் கலங்கும் என்பது அக்காலத்து ஆராய்ச்சியால் உறுதியாயிற்று.

காந்தத்தின் வலிமையை முறையாக அளக்கும் வழியை ஜேர்மன் கணித மேதை கவுசு 1832இல் வகுத்தார். அதற்கு முற்பட்ட காலத்துக்கு ஊசியின் திசை மட்டும் கிடைக்கின்றது; கடலோடிகள் தம் கப்பற் குறிப்பேடுகளில் அதை எழுதிவைத்தனர். அவற்றின் உதவியால் 1590 வரை பின்னோக்கிச் செல்லலாம். அதற்கும் முன்னால்? சூளையிலே சுட்ட செங்கல்லும் மட்பாண்டமும், எரிமலையிலிருந்து வழிந்து உறைந்த பாறையும் ஆறும்போது அக்காலத்துக் காந்தத்தைத் தம்முள் பதித்துக்கொள்ளும். அவை நல்ல சாட்சிகள். ஆனால் ஒரு செங்கல் இன்ன ஆண்டில், இன்ன மாதத்தில் சுடப்பட்டதெனச் சொல்வது அரிது. பல இடங்களில் அத்தகைய பொருள்கள் கிடைப்பதுமில்லை. வானக் குறிப்போ நாளைக் கூடச் சொல்லுகின்றது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கலாம் அன்றோ?

எதிர்வாதமும் விடையும்

அவ்வாறு ஒத்துப்பார்க்க முயன்றவர்கள் யப்பானிய அறிஞர்களாகிய கெய்மத்சு, புக்குசிமா, நகத்தா என்னும் மூவர். இவர்களுள் நகத்தா யப்பானின் முதலாவது தென்துருவ ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். சீன, கொரிய, யப்பானிய ஏடுகளிலுள்ள குறிப்புக்களை ஆராய்ந்து, பதினொராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளிலே கிழக்காசியாவில் துருவ ஒளி மிகுதியாகக் காணப்பட்டதென்றும், அக்காலத்தில் காந்த அச்சு ஆசியப் பக்கம் சாய்ந்திருந்ததென்றும் 1968இல் அவர்கள் எழுதினர். சிஸ்கோ, வெரோசப் என்னும் அமெரிக்கர் இருவர் 1983இல் இதே வினாவை மீண்டும் எடுத்து, சீன, யப்பானியக் குறிப்புக்களின் மிகுதியிலிருந்து இடைக்காலத்துக் காந்த முனையின் இடத்தை ஆராய்ந்தனர்.

இங்கே கூர்மதியுடைய இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஒளி அதிகமாகத் தோன்றியமைக்குக் காந்த முனை அருகில் வந்ததுதான் காரணமென்று எப்படிச் சொல்லலாம்? சூரியன் அதிகமாகக் கொதித்திருக்கலாமே?" என்று கேட்கக்கூடும். மிக நல்ல கேள்வி. ஹலியின் கதை இதற்காகவே சொன்னேன். 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் மிகமிக அருகியிருந்தன. ஐரோப்பாவில் துருவ ஒளியும் அருகியது. அது சூரியனின் செயல். காந்த முனையின் செயலன்று.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. சூரியன் பொங்கினால் உலகம் முழுவதற்கும் பொங்கும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒருங்கே ஒளி பெருகும். காந்த முனை சாய்ந்தாலோ ஒரு பக்கம் பெருகும், மறுபக்கம் குறையும். தராசின் இரு தட்டுக்கள் போல என்று கொள்ளுங்கள். தராசு முழுவதும் உயர்ந்தால் தூக்கியவன் சூரியன். ஒரு தட்டுத் தாழ்ந்து மறுதட்டு எழுந்தால் சாய்ந்தது காந்தம். இதற்குத் துணையாக மர வளையங்களிலுள்ள ஒருவகைக் காபன் இருக்கின்றது. சூரியன் அடங்கிய காலத்தில் அது மிகும். சூரியன் பொங்கிய காலத்தில் குறையும். இவ்வாறு சூரியனின் பங்கைத் தனியே கணித்துக் கழித்தபின் எஞ்சுவதைக் காந்தத்திடம் கேட்கலாம்.

இன்னும் பழமையான சான்று பபிலோனில் உண்டு. நெபுக்காத்நேச்சர் மன்னனின் முப்பத்தேழாம் ஆட்சியாண்டுக்குரிய களிமண் ஏடொன்று பேர்லின் நகரிலே பாதுகாக்கப்படுகின்றது. கி.மு. 567ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் திகதி இரவில் மேற்கு வானிலே செந்நிற ஒளி தோன்றியதாக அதில் எழுதப்பட்டுள்ளது. பபிலோன் இருந்த இடம் இன்று காந்தக் கணக்கில் ஏறத்தாழ 27½ பாகை. அக்காலத்திலோ 41 பாகை அளவில் இருந்ததென அறிஞர் கணித்துள்ளனர். அன்று அங்கே துருவ ஒளியைக் காண்பது இன்றைக்கு இருப்பதைப் போல் அத்துணை அரிதன்று.

சாட்சிகளைச் சோதித்தல்

நம் தருக்க நூலார் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் கூறுவர். நேரே கண்டறிவது காண்டல். கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் சொல்லை ஏற்பது உரை. நாம் பேசும் ஆராய்ச்சியில் உரையின் மேலேதான் கருதல் நிற்கின்றது. ஆதலால் உரைத்தவன் நம்பத்தக்கவனா என்பதை முதலிற் சோதிக்கவேண்டும்.

செந்நிறமெல்லாம் துருவ ஒளியன்று. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபின் அதன் தூசி உலகெங்கும் பரவி அந்தி வானத்தைச் சிவப்பாக்கியது. அமெரிக்காவில் சில ஊர்களிலே எங்கோ தீப்பிடித்ததென்று தீயணைப்புப் படையினர் ஓடினர். அது துருவ ஒளியன்று. ஆனால் திபேரியசு பேரரசன் காலத்திலே, ஒசுத்தியா என்னும் துறைமுக நகரம் எரிகின்றதென நினைத்து உரோமப் படையினர் உதவிக்கு ஓடியதாகவும், இரவில் நெடுநேரம் வானம் ஒளிர்ந்ததாகவும் செனக்கா எழுதியுள்ளார். அது துருவ ஒளியெனவே கருதப்படுகின்றது. இரண்டுக்கும் வேறுபாடு யாது? ஒன்று அந்தியை ஒட்டியது. மற்றது நள்ளிரவில் நின்றது. ஆகவே எந்த நேரம், எந்தத் திசை, நிலவு இருந்ததா, எவ்வளவு நேரம் நின்றது, வேறோரிடத்தில் எவரேனும் கண்டனரா என்று ஒவ்வொரு குறிப்பையும் குறுக்கு விசாரணை செய்கின்றனர். இவற்றுக்கு விடை கூறாத குறிப்பு, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும், ஒதுக்கப்படும்.

விசாரணையில் வென்ற ஒரு சாட்சியத்தைக் கூறுகின்றேன். 1770ஆம் ஆண்டு செப்தெம்பர் 17ஆம் திகதி இரவு கியோத்தோவிலே வடவானம் முழுவதும் செந்நிறக் கதிர்கள் விசிறி போல் விரிந்தன. ஒருவர் அதை ஓவியமாகவே தீட்டினார். மற்றொரு குடும்பத்தார் கதிர்கள் எவ்வளவு உயர்ந்தன என்பதைத் தம் நாட்குறிப்பில் எழுதினர். அண்மையில் யப்பானிய ஆராய்ச்சியாளர் காந்தக் கோடுகளின் சாய்வைக் கணக்கிட்டு, அந்தப் படத்திலுள்ள விசிறி கற்பனையன்று, அவ்விரவில் அங்ஙனமே தோன்றியிருக்கவேண்டும் எனக் காட்டினர். இதற்கு முந்திய இரவிலே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே தீமோர்த் தீவின் அருகில் கப்பித்தான் குக்கின் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதிலிருந்த சோசப் பாங்க்சு தென்வானத்தில் செவ்வொளி கண்டதாக எழுதினார். கியோத்தோக்காரர் வடக்கே பார்த்தனர். கப்பற்காரர் தெற்கே பார்த்தனர். ஒருவரையொருவர் அறியார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவர் சொல்லும் பொருந்துகின்றன. இதைவிட நல்ல சாட்சி எந்த நீதிமன்றத்திற் கிடைக்கும்?

கருவியும் கண்ணும் சேர்ந்து சாட்சி சொன்ன காலமும் உண்டு. 1859 செப்தெம்பர் முதலாந் திகதி காரிங்டன் என்னும் ஆங்கிலேயர் சூரியனில் பேரொளி வெடிக்கக் கண்டார். மறுநாள் கியூபாவிலும் துருவ ஒளி தோன்றியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. பம்பாய் நகரின் கொலாபா அவதானிப்பு நிலையத்திலே காந்தமானி ஏறத்தாழ 1,600 நானோதெசிலா வீழ்ச்சியைக் காட்டியது. 1872 பெப்ரவரி 4ஆம் திகதியோ பம்பாயிலேயே துருவ ஒளி காணப்பட்டதெனப் பதிவு உண்டு. 2024 மே மாதத்துப் பெரும் காந்தப் புயலின்போது இமயத்து இலடாக்கில் செவ்வொளி படம்பிடிக்கப்பட்டது. எத்துணைப் பெரிய புயலுக்கு ஒளி எத்துணைத் தூரம் இறங்கும் என்பதை இத்தகைய இரவுகள் கற்பிக்கின்றன. அவ்வளவுகோலைக் கொண்டே கருவியில்லாத காலத்துக் குறிப்புக்களை மதிப்பிடுகின்றனர்.

கொரிய வரலாற்றெழுத்தாளர்

இனிக் கொரியாவுக்கு வருவோம். யோசொன் அரச மரபினர் காலத்தில் மன்னன் செல்லும் இடமெல்லாம் வரலாற்றெழுத்தாளர் உடன் சென்று, நிகழ்வதைக் குறித்துக்கொண்டனர். அக்குறிப்பைப் பார்க்க மன்னனுக்கே உரிமை இல்லை. 1404இல் தேசொங் மன்னன் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்தான். எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, இதை வரலாற்றெழுத்தாளருக்குத் தெரியவிடாதீர்கள் என்றான். மன்னன் விழுந்ததும் வரலாற்றில் இருக்கின்றது. தெரியவிடாதீர்கள் என்று அவன் சொன்னதும் இருக்கின்றது!

இத்தகையோரே இரவு வானத்தையும் குறித்தனர். தலைநகராகிய சியோலில் இன்ன இரவு, இன்ன திசையில், தீப்போன்ற ஆவி தோன்றியதென நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவந்தனர். 1500 முதல் 1800 வரையுள்ள அக்குறிப்புக்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. விந்தை என்னவெனில், அவ்வொளி வடக்கே மட்டுமன்றிப் பிற திசைகளிலும் தோன்றியது. சூரியனின் ஏற்ற இறக்கத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை. நெடுங்காலம் இது விளங்காப் புதிராகவே இருந்தது.

சீன, ஆங்கில ஆராய்ச்சியாளர் சிலர் கூடி 2021இல் இதற்கொரு விளக்கம் முன்வைத்தனர். இக்காலத்தில் தென்னமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவின் தென்பகுதிக்கும் இடையே அத்திலாந்திக் கடலின்மேல் பூமியின் காந்தம் வலிகுன்றிய ஓரிடம் உண்டு. அதைக் கடக்கும்போது செய்மதிகளின் கருவிகள் பழுதடைகின்றன; ஹபிள் தொலைநோக்கி அவ்விடத்தில் தன் பணியை நிறுத்திக்கொள்கின்றது. பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையத்திலிருந்து துணிக்கைகள் அங்கே தாழ இறங்குவதே காரணம். பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை அத்தகைய வலிகுன்றிய இடமொன்று மேற்குப் பசுபிக்கில் இருந்ததெனக் காந்தக் கணக்குகள் காட்டுகின்றன. சியோல் மக்கள் கண்ட செம்மை அதனால் விளைந்ததே என்பது அவ்வறிஞர் கருத்து. அக்குறிப்புக்கள் கூடியும் குறைந்தும் செல்லும் முறையை நோக்கி, அவ்விடம் ஒரே சீராக வளர்ந்து தேயவில்லை, ஏறியும் இறங்கியும் மாறியது எனவும் அவர்கள் கூறுகின்றனர். கணக்குகள் காட்டாத நுட்பத்தைத் தூரிகை எழுத்துக் காட்டியது.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். பூமியின் காந்தம் 1840 அளவிலிருந்து ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துள்ளது. அத்திலாந்திக்கின் வலிகுன்றிய இடமும் விரிந்துவருகின்றது. பூமியின் வட, தென் காந்த முனைகள் இடம்மாறப்போகின்றன, உலகுக்குப் பேரிடர் வரப்போகின்றது என அச்சமூட்டுவோர் உளர். அத்தகைய முழு மாற்றம் இறுதியாக நிகழ்ந்தது ஏறக்குறைய ஏழு இலட்சத்து எழுபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர். அச்சமூட்டுவோருக்குக் கொரிய எழுத்தாளர் தரும் விடை இது: முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்னும் ஓரிடம் வலிகுன்றியது; பின்னர் அது மறைந்தது; முனைகள் மாறவில்லை. ஆகவே ஓரிடத்தின் தளர்ச்சியை மட்டும் கொண்டு முழு மாற்றம் வந்துவிட்டதென முடிவுகட்டல் பொருந்தாது. அன்று தீக்குறி எனக் கண்டு மக்கள் நடுங்கிய ஒளியே இன்று நம் நடுக்கத்தைத் தணிக்கின்றது.

அளவு கடந்து பேசவும் கூடாது. வானக் குறிப்பு மட்டும் தனியே நின்று காந்த முனையின் இடத்தைச் சுட்டிக்காட்டிவிடாது. முகில் மூடிய இரவுகள் எத்தனை! போரால் எரிந்த ஏடுகள் எத்தனை! எழுத ஆளில்லாத நாடுகள் எத்தனை! செங்கல்லும் எரிமலைப் பாறையும் கப்பற் குறிப்பேடும் ஒருபக்கம் நிற்க, வானக் குறிப்பு மறுபக்கம் நின்று அவற்றைச் சரிபார்க்கின்றது. சரிபார்க்கும் கணக்கனின் வேலை சிறியதன்று என்பதை இங்குள்ள வணிகப் பெருமக்கள் அறிவர்.

நமக்குரிய பணி

இறுதியாக, என் குற்றமொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள விரும்புகின்றேன். என் பேரனார் தோட்டக்காரர். அதிகம் படித்தவரல்லர். ஆண்டுதோறும் வாங்கும் பஞ்சாங்கத்தின் ஓரத்திலே அவர் ஏதோ கிறுக்கிவைப்பார். மழை பெய்த நாள், கிணற்றில் நீர் எத்தனை முழத்தில் நின்றது, எந்த மாதம் நீர் உவர்த்தது, புயல்காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, இவ்வளவுதான். அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பஞ்சாங்கக் கட்டு வெளியே வந்தது. கறையான் கொஞ்சம் அரித்திருந்தது. பழங்குப்பை என்று நானே அதைத் தோட்டத்து மூலையில் போட்டுக் கொளுத்தினேன். சில காலத்தின் பின் கிணற்று நீர் உவராவதைப் பற்றி ஆராய வந்த ஒருவர், "முன்னர் எப்போதாவது இப்படி உவர்த்ததுண்டா? எந்த ஆண்டில்?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். விடையை என் கையாலேயே எரித்திருந்தேன்.

தெய்க்கா தாம் கண்டது துருவ ஒளியென அறியார். கொரிய எழுத்தாளர் வான்செம்மையை அரசுக்குரிய தீக்குறியென்றே எண்ணினர். அவர்கள் எண்ணம் தவறாயிற்று, எழுத்துத் தவறவில்லை. தம் கருத்தை எழுதியதோடு நில்லாது, நாளும் இடமும் திசையும் நிறமும் எழுதியமையால் அவர்கள் உழைப்பு வீண்போகவில்லை. கூட்டியும் குறைத்தும் எழுதியிருப்பின் எண்ணூறு ஆண்டுகளின் பின் அவர்களை நம்புவோர் யார்?

இளைஞர்களே, உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நீங்கள் காண்பது எதுவாயினும் அதனை நாளிட்டு, இடமிட்டு, உள்ளவாறு எழுதிவையுங்கள். இதனால் யாது பயன் என்பதை இன்றே கேளாதீர்கள். மற்றது, வீட்டிலுள்ள பழைய தாள்களைக் கொளுத்துமுன் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். பெரியோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கின்றேன். 1964 மார்கழிப் புயலையும் 1978 கார்த்திகைப் புயலையும் கண்டவர்கள் இங்கு இருக்கக்கூடும். காற்று எந்தத் திசையிலிருந்து முதலில் அடித்தது, கடல்நீர் எந்தப் பனைவரை வந்தது என்பவற்றை உங்கள் பேரப்பிள்ளைகளை அருகில் இருத்தி எழுதச் சொல்லுங்கள். மறந்ததை மறந்தேன் என்றே எழுதச் சொல்லுங்கள்.

அவ்வெழுத்து எவருக்குப் பயன்படுமென்று நாம் அறியோம். கியோத்தோக் கவிஞரும் அறியார்.